ஷெப்பர்டிங் டியூட்டி

"ஷெப்பர்ட் தெம் நைஸ்லி, முத்து மிஸ்" என்றுதான் தாளாளர் சுகவனம் காலையில் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் முத்திருளாயிக்கு இந்த வெயில் இவ்வளவு சுட்டிருக்காது. "இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லியா தரணும்?" என்று கடைசியில் ஒரு வாலையும் ஒட்டிவிட்டு ஆசிரியர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். யாரோ சிரித்தார்கள். கம்ப்யூட்டர் சாரா, கணக்கு மிஸ்ஸா? சிரிப்புதானா, இல்லை இருமலா? அதைத்தான் அவள் காலையிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான்குவழிச் சாலையின் ஓரத்தில், ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் நாற்பது பேரை வரிசையில் நிறுத்திக்கொண்டு, தார் உருகும் வாடையில். இங்கிலீஷ் வாத்தியாரம்மா என்பதால் அந்த வார்த்தை உனக்குத் தெரிந்திருக்கும் என்று சொன்னாரா, இல்லை உன் அப்பன் யார் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னாரா? வேலைக்குச் சேர வந்த அன்று, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டவர் அவர்தான். "ஆடு வச்சிருக்கார் சார்" என்றாள். "இன்ட்ரஸ்டிங்" என்றார். அன்றைக்கே பெயரையும் வெட்டினார். இருளாயி என்று கூப்பிட்டால் பெற்றோர்கள் ஒரு மாதிரி நினைப்பார்களாம், முத்து மிஸ் என்று வைத்துக்கொள்ளலாமாம். அவளும் தலையாட்டினாள். தலையாட்டினதை இப்போது நினைத்தால் கழுத்தெல்லாம் எரிகிறது. எரிவது வெயிலாகவும் இருக்கலாம். அமைச்சர் மானாமதுரைப் பக்கமிருந்து வருகிறார். எதிர்ப்புறத்துக் கல்யாண மண்டபத்தில் விழா, அப்புறம் விருந்து. பள்ளிக்கூடத்துக்கு மேல்நிலை வகுப்பு அனுமதி வேண்டும் என்று சுகவனம் அலைகிறார். ஆகவே பிள்ளைகள் ரோட்டோரத்தில் நிற்கிறார்கள், கையில் காகிதக் கொடியோடு. ஆகவே அவளும் நிற்கிறாள். டியூட்டி சார்ட்டில் அவள் பெயருக்கு எதிரே அப்படித்தான் அச்சடித்திருந்தது, ஷெப்பர்டிங் டியூட்டி என்று.

அந்த வார்த்தையை அவளே போன மாதம் பாடத்தில் நடத்தியிருக்கிறாள். பெயர்ச்சொல்லாக இருந்தால் ஆடு மேய்ப்பவர். வினைச்சொல்லாக இருந்தால் ஆடு மேய்ப்பது, அப்புறம் ஒரு கூட்டத்தைப் பத்திரமாக, அக்கறையோடு வழிநடத்திப் போவது. கரும்பலகையில் எழுதி அக்கறை என்பதன் கீழே கோடும் போட்டாள். பின்பெஞ்சில் இருந்து கௌசிகா, எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குகிற பிள்ளை, "மிஸ், அப்ப நாங்க ஆடா?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. "அது உவமை மாதிரி" என்று சொல்லிக் கடந்துவிட்டாள். என்ன உவமை? அந்த இங்கிலீஷ்காரனுக்கு வழிநடத்துவது என்றால் ஆட்டுக்காரன் ஞாபகம் வருகிறது, மரியாதையாக வருகிறது. இங்கே கணக்கில் தப்புப் போட்ட பையனைப் பார்த்து, நீ மேய்க்கத்தான் லாயக்கு என்கிறார்கள். அவளைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அப்படிச் சொன்னபோது அவள் பாவாடையில் ஆட்டுப்புழுக்கை வாடை இருந்தது. விடிகாலையில் கிடையைப் பிரித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்திருந்தாள். அறுப்பு முடிந்த வயல்களில் ராத்திரி முழுக்க ஆட்டை அடைத்துப்போட்டு உரமேற்றுகிற கிடை. லாயக்கு என்றால் என்ன சார், நான் மேய்த்துவிட்டுத்தானே வருகிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் எதையும் அந்தந்த நேரத்தில் கேட்டதே இல்லை, எல்லாம் பிற்பாடு, ரோட்டோரத்தில், வாய்க்குள். சரி, அப்பா மட்டும் என்ன? அவரை நினைத்து உருகவும் அவளால் முடியவில்லை. காய்ச்சல் கண்ட குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கமுதிவரை நடந்தார், உண்மைதான். பேர் சொல்லிக் கூப்பிட்டார், தன் கஞ்சியில் பாதியை ஊட்டினார். ஆடிக்கு வியாபாரி வேன் கொண்டுவந்தபோது அதே குட்டியைக் கிடாவாக வளர்ந்த பிறகு நான்கு காலையும் சேர்த்துப் பிடித்து அவர்தான் தூக்கி உள்ளே போட்டார். அது அவர் கையை நக்கிக்கொண்டே போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, அது பிழைப்பு. ஆனால் அகராதியில் அக்கறையோடு என்று எழுதினவன் அந்த வேன்வரைக்கும் வந்து பார்த்தானா? நரிகிட்டே இருந்து காப்பாற்றுவது எதற்கு? சுகவனமும் காப்பாற்றுகிறார். சி.சி.டி.வி. வைத்திருக்கிறார், நெல்லிக்காய் ஜூஸ் கொடுக்கிறார், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நல்ல மார்க் எடுத்த தலைகளை மட்டும் ஃப்ளெக்ஸில் வரிசையாக அச்சடித்துத் தொங்கவிடுகிறார், கறிக்கடையில் தொங்குகிற மாதிரி. ச்சே, என்ன நினைப்பு இது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இப்படியா நினைப்பார்கள்? ஆனால் நினைத்தாயிற்று. இனி அதை எங்கே கொண்டுபோய்த் துப்புவது?

"மிஸ், டாய்லெட்." முதலில் ஒரு பிள்ளை கேட்டது, அப்புறம் நான்கு, அப்புறம் வரிசை முழுக்க. "கொஞ்சம் பொறுங்கடா, இந்தா வந்துட்டாராம்." அதை எத்தனை தடவை சொன்னோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வந்துட்டாராம் என்பது அந்தக் கோடியில் நிற்கிற கட்சிக்காரர் வாயில் பிறந்து, பி.டி. சார் ஜெயக்கொடியின் விசிலில் ஏறி, அவள் வாய்க்கு வந்து, பிள்ளைகள் காதில் விழுகிறது. யாரும் பார்த்ததில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். தட்டில் இருந்த ரோஜா இதழ்கள் கருகிச் சுருண்டுவிட்டன. கொடிகளில் பாதி வியர்வையில் நனைந்து குச்சி மட்டும் நின்றது. ஆண்பிள்ளைகளை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள், அவன்கள் ஆளுக்கொரு கருவேலம்புதர் பார்த்து ஒதுங்கிவிட்டு வந்தாயிற்று. ஜெயக்கொடி சாரும் போய்விட்டு வந்தாயிற்று, கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டே வந்தார். அவளுக்கும்தான் அடிவயிறு கல்லாகக் கனத்தது. அதை அவள் நினைக்காமல் நினைத்துக்கொண்டிருந்தாள். பொறுத்துக்கொள்ள நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அது தானாக வரும். இதுகளுக்கும் வரும், வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கு இந்த வெயிலில் நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வரிசையை விட்டால் என்ன ஆகும்? வேலை போகும். வீட்டுக்காரருக்குப் பட்டறை மூடியதிலிருந்து நிலையான வேலை இல்லை. போனால் அடுத்த பள்ளிக்கூடத்தில் யார் சேர்ப்பார்கள், சுகவனம் போனைப் போட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. சரி, பொறு. இன்னும் கொஞ்சம் பொறு. அப்போதுதான் நஸ்ரின் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தது அவள் கண்ணில் பட்டது. வரிசையின் நடுவில், ரெட்டைச் சடை போட்ட ஒல்லிப் பிள்ளை. முதலில் கேட்டதே அதுதான். இப்போது கொடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றது. முகத்தில் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறப் பாவாடை ஒரு பக்கம் கருத்திருந்தது. வெள்ளைக் காலுறை மஞ்சளாக மாறிக்கொண்டே கீழே இறங்கி, ஷூவுக்குள் போய், மண்ணில் ஒரு சின்ன ஈரம். முத்திருளாயி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற கௌசிகா தன் தண்ணீர்பாட்டிலைத் திறந்து முதலில் தன் காலில், அப்புறம் நஸ்ரின் காலில், அப்புறம் இரண்டு பேர் பாவாடையிலும் கடகடவென்று ஊற்றியது. ஊற்றிவிட்டு ரோட்டுக்கே கேட்கிற மாதிரிக் கத்தியது: "யப்பா, என்னா வெயிலு! சுடுது மிஸ்!" அடுத்து நின்ற பிள்ளை ஒரு நிமிஷம் பார்த்தது. அதற்கும் புரிந்துவிட்டது. தன் பாட்டிலைத் திறந்தது. அதற்கடுத்ததும். எதிர்ப்பக்கம் இருந்து ஜெயக்கொடி சார் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏய், குடிக்கிற தண்ணிய எவடீ கொட்டுறது? அறிவிருக்கா? யூனிபார்மெல்லாம் நனைஞ்சா போட்டோவில எப்படி விழும்? மிஸ், என்ன மிஸ் பாத்துட்டு நிக்கிறீங்க? இதுகள மேய்க்கத் தெரியலையா உங்களுக்கு?"

சுகவனம் சொன்னபோது இங்கிலீஷில் இருந்தது, இவர் தமிழில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் காதில் என்னவோ அடைத்து விட்டது போல இருந்தது. கோபம் என்றால் சூடாக ஏறும் என்று நினைத்திருந்தாள், இது குளிர்ந்து போய் வந்தது, காலில் இருந்து. "தெரியும் சார்" என்றாள். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "வாங்க" என்றாள். நாற்பதும் திரும்பின. வரிசை கலையாமல், ஒன்றின் பின்னால் ஒன்றாக, எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் காலெடுத்து வைத்தன. அதற்கும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஏன் ஒருத்தியும் கேட்கவில்லை? நான் கூப்பிட்டால் வேனுக்குள்ளேயும் ஏறிவிடுவீர்களா? "எங்க மிஸ்?" என்றது கௌசிகா. அப்பாடா. "எதுக்கால மண்டபத்துக்கு. பாத்ரூம் போயிட்டு வருவோம்." ரோட்டில் வண்டி ஏதும் இல்லை, அமைச்சருக்காக இரண்டு பக்கமும் நிறுத்தி வைத்திருந்தார்கள். இருந்தும் விளிம்புக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். இதே ரோடு இருவழியாக இருந்த காலத்தில், மழைக்காலத்து அந்தி மசமசப்பில், அப்பா ஆட்டைக் கடத்திக்கொண்டிருந்தார். முன்னாடி போன கிடா கடந்துவிட்டது. அது போனதால் மற்றதெல்லாம் போயிற்று. லாரி விளக்கு தெரிந்தும் போயிற்று. அப்பா கையைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் ஓடினார், அவன் நிறுத்தவில்லை. அந்தச் சத்தம். நனைந்த சாக்கு மூட்டையை உயரத்திலிருந்து போட்டால் வருகிற சத்தம். அப்புறம் ஜீப்பில் வந்த போலீஸ்காரர் ஒருவர் செத்துக்கிடந்த ஆட்டையெல்லாம் பார்த்துவிட்டு அப்பாவைத்தான் அறைந்தார், ரோடு உங்கப்பன் வீட்டுதா என்று. அறை வாங்கிய கன்னத்தோடு அப்பா ரோட்டிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் போட்டதை அவள் இந்தப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கைக்கெட்டும் தூரத்தில் கருப்புத் தார் கானல் அடித்து நெளிந்தது. திடீரென்று கார்கள் வந்துவிட்டால்? அவர்கள் நிறுத்துவார்களா? யார் நிறுத்தினார்கள் இதுவரைக்கும்? "ஆளுக்கொரு கையைப் பிடிங்க. ரெண்டு பக்கமும் நீங்களே பாருங்க. என்னைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க." நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்குப் பக்கத்தில் பந்தோபஸ்துக்கு நின்ற பெண் போலீஸ் கையை நீட்டி மறித்தாள். சட்டையில் ஸ்டெல்லா என்று இருந்தது. "டீச்சர், கிராஸ் பண்ணக் கூடாது. கான்வாய் வர்ற நேரம்." "பிள்ளைங்க பாத்ரூம் போகணும்." "பத்து நிமிசம் பொறுங்க." "நீங்க போனீங்களா?" என்று கேட்டாள் முத்திருளாயி. தொப்பிக்குக் கீழே ஸ்டெல்லாவின் முகம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. நஸ்ரினின் காலைப் பார்த்தாள், மண்டபத்தைப் பார்த்தாள், வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக் கேட்டாள். "காலைல நாலு மணிக்குத் தண்ணி குடிச்சது டீச்சர். குடிச்சா வரும்னு அப்புறம் குடிக்கவே இல்ல" என்றாள் மெதுவாக. பிறகு ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்து, "வாங்க, சீக்கிரம்" என்றாள்.

மண்டபத்து முற்றத்தில் அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் தலைவர் படமுமாக ஒரு ஆள் வேகமாக வந்தார், இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான் என்று அவர் நடையே சொன்னது. "ஏம்மா டீச்சரு, யாரக் கேட்டுப் பிள்ளைகள உள்ள விடுறீங்க? ரோட்டுல நிக்க வேண்டிய கூட்டம் இங்க என்ன பண்ணுது?" "பாத்ரூம் எந்தப் பக்கம்ணே?" "அதெல்லாம் பூட்டியிருக்கு. அமைச்சர் வந்து ரெஸ்ட் எடுக்கணும்னு நேத்தே ஆள் வச்சுக் கழுவி, சென்ட் அடிச்சு வச்சிருக்கோம். அங்கிட்டு, பின்னாடி காடு கெடக்குல்ல, அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க." அவள் அந்தக் காட்டைப் பார்த்தாள். கருவை முள், உடைந்த பாட்டில், அந்தப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துச் சீட்டாடுகிற பத்துப் பன்னிரண்டு ஆண்கள். இவ்வளவு நேரம் அவள் வாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இப்போது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வந்தபோது அது பாடம் நடத்துகிற தமிழாகவும் இல்லை, இங்கிலீஷாகவும் இல்லை. கிடையில் நின்று அப்பா கூப்பிடுகிற தொண்டை. "காட்டுக்குள்ள ஆட்டத்தான் பத்துவாக. இதுக பிள்ளைக. சாவியக் குடுங்க." "ஏம்மா, வெளங்காம பேசாத. அமைச்சர்..." "அமைச்சருதான். அவரு வந்தா யாரு கை காட்டணும்? இந்தப் பிள்ளைகதான? காலைல இருந்து தார்ல நிறுத்தி வச்சிருக்கீக, பிரியாணிக்கு அடுப்பு மூட்டத் தெரிஞ்ச ஒங்களுக்கு ஒரு கக்கூசத் தொறந்து வைக்கத் தெரியலையா? ஒரு பிள்ள ரோட்டுலயே நனைச்சுக்கிட்டு நிக்கிது. குடுங்கய்யா சாவிய!" கடைசி வார்த்தை மண்டபத்துத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. அவளுக்கே பயமாக இருந்தது. இது யார் குரல்? வெங்காயம் உரித்த ஒரு அம்மாள், "குடுத்தாத்தான் என்ன, பிள்ளைக மொகத்தப் பாருங்கண்ணே" என்றாள். அந்த ஆள் அசையவில்லை. அப்போது பிள்ளைகளுக்குப் பின்னாலேயே வந்திருந்த ஸ்டெல்லா முன்னே வந்தாள், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "சார், பாதுகாப்புக்கு எல்லா ரூமும் ஒரு தடவை செக் பண்ணணும். பூட்டி வச்சா எப்படி? தொறங்க." அவர் திறந்தார். ஸ்டெல்லாதான் முதலில் உள்ளே போனாள். போனவள் செக் பண்ணிவிட்டு வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. வெளியே வந்து, "எல்லாம் கிளியர் டீச்சர்" என்றபோது அவள் முகம் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

ஐந்து கழிப்பறைகள் வரிசையாக இருந்தன, ஆறாவது தனியறை, அமைச்சருக்கானது. பிள்ளைகள் ஐந்தைந்தாகப் போனார்கள். கௌசிகா வாசலில் நின்று, இடிக்காதே, நீ அப்புறம், என்று அதட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக முத்திருளாயியும் ஒரு கழிப்பறைக்குள் போனபோது செல்போன் அடித்தது. எடுக்காமல் விட்டாள், மறுபடி அடித்தது, வெளியே வந்து எடுத்தாள். "முத்து மிஸ், லைன்ல உங்க இடமெல்லாம் காலியா கெடக்கு! வேர் ஆர் தி கேர்ள்ஸ்?" "பாத்ரூம்ல சார்." "வாட்?" "பாத்ரூம்ல இருக்காங்க சார். முடிஞ்சதும் வருவாங்க." "நீங்க நாளைக்கு வரத் தேவையில்லை." "சரி சார்." போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சரி சாராம்! வேலையைப் பிடுங்குகிறவனிடம்கூடச் சரி சார். அந்த நாக்கை இழுத்து அறுக்க வேண்டும் போல இருந்தது. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு ஒரு மூலையில் தலையைத் தூக்கியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை மிதித்துக்கொண்டு, நஸ்ரினைத் தனியறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே குளிர்ச்சியாக, மல்லிகை வாடையாக இருந்தது. பிரிக்காத சோப்பு, இரும்பு வளையத்தில் வெள்ளைவெளேரென்று மொத்தமான துண்டு. சோப்பைப் பிரித்தாள். பிள்ளையின் ஷூவைக் கழற்றி, காலுறையை உருவி, தொட்டியில் போட்டு நுரை வரக் கசக்கினாள். "பாவாடையும் குடு. துண்டக் கட்டிக்க." நஸ்ரின் துண்டைத் தொடப் பயந்து நின்றது. "இது அவருக்கு வச்சது மிஸ்." "இப்ப ஒனக்கு." அது கட்டிக்கொண்டது. துண்டு கணுக்கால்வரை வந்தது. தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் அப்பவே கேட்டேன் மிஸ்" என்றது அப்புறம். அழவில்லை, குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னது. அது அவளை ஜெயக்கொடியின் விசிலைவிட, சுகவனத்தின் இங்கிலீஷைவிட ஆழத்தில் போய்க் குத்தியது. "ஆமா. கேட்ட. நான்தான் பொறுன்னேன்" என்றாள். ஈரப் பாவாடையை முறுக்கிப் பிழிந்தாள், கை வலிக்கிறவரைக்கும் பிழிந்தாள். வெளியே சைரன் கேட்டது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மண்டபத்துக்குள் திரும்பும் சத்தம், வாழ்க வாழ்க என்று ஆண்களின் கோஷம், பட்டாசு. தாழ்வாரத்தில் செருப்புகள் தடதடவென்று ஓடி வந்தன. கதவு அதிர்ந்தது. "யாரு உள்ள? வெளிய வாங்க! அமைச்சர் வந்துட்டாரு, பாத்ரூம் போகணுமாம், நிக்கிறாரு! தொறங்க!" முத்திருளாயியின் தொண்டையில் ஒரு சரி சார் ஏறி வந்து நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்க அவள் பல்லைக் கடித்தாள். அவள் விழுங்கி முடிப்பதற்குள், துண்டை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நஸ்ரின் கதவைப் பார்த்துத் திரும்பியது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தியது:

"உள்ள ஆள் இருக்கு!"